உவகையின் நிலைக்களனும் பதற்றமும்: 'இன்சைடு அவுட் 2' என்னும் இயங்குபடமும் தொல்காப்பிய மெய்ப்பாடும்

1. வினா எழுந்த வகை

மெய்ப்பாட்டியலைப் பாடஞ் சொல்லிவந்த நாட்களில் எம் முதுகலை மாணவியருள் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். "ஐயா, எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்னீர்கள், பின்னர் முப்பத்திரண்டு சொன்னீர்கள். அவற்றுள் பதற்றம் என்பது எங்கே இருக்கிறது? பழந்தமிழர்க்குப் பதற்றம் இல்லையா?" என்பதே அவ்வினா. வகுப்பில் நகை எழுந்தது. வினவியவர் நகைக்கவில்லை.

அம்மாணவியார் போளூரினர். திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், பழனி மலையின் மேற்றொடரில், மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்கள் இருக்கும் பகுதியில் உள்ளது அவ்வூர். 2018ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பயிலும்பொருட்டு மலையிறங்கி ஒரு விடுதியிற் சேர்ந்தார். அவ்வாண்டிலேதான் பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அம்மலைகளிற் பூத்தது. ஊர் முழுதும் பூவைக் கண்டது, அவர் காணவில்லை. விடுதியில் முதல் மூன்று திங்கள் இரவுதோறும் மறுநாள் ஆசிரியர் என்ன வினவுவார், தாம் என்ன விடை கூறித் தவறுவோம், அதற்குத் தோழியர் எவ்வாறு நகைப்பர் என ஒவ்வொன்றாக மனத்தில் வரைந்து பார்த்து உறங்காதிருந்ததாகக் கூறினார். ஆண்டுகள் சில கழிந்தபின் கைப்பேசியில் ஓர் இயங்குபடத்தைக் கண்டபோது, தம் தலைக்குள் நிகழ்ந்ததைப் பிறர் எவ்வாறு அறிந்தனர் என வியந்தாராம். அப்படமே 'இன்சைடு அவுட் 2' என்பது.

அவ்வினாவிற்கு வகுப்பில் யாம் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் அப்படத்தைக் கண்டு, மெய்ப்பாட்டியலை அதனோடு வைத்து மீளக் கற்று, எம் கருத்தை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். அயல்நாட்டார் இன்று காண்பன யாவும் நம் முன்னோர் அன்றே கண்டன என நிறுவுதல் எம் நோக்கமன்று. அத்தகைய முயற்சி இரு பொருளையும் சிறுமைப்படுத்தும். ஒரு கலைப்படைப்பை அளக்க நம் இலக்கணம் எவ்வளவு பயன்படும், எவ்விடத்தில் பயன்படாதொழியும் என்று காண்பதே நோக்கம்.

2. படமும் கதையும்

பிக்சார் நிறுவனத்தார் 2015ஆம் ஆண்டு பீட் டாக்டர் என்பாரின் இயக்கத்தில் 'இன்சைடு அவுட்' என்னும் படத்தை வெளியிட்டனர். ரைலி என்னும் சிறுமியின் மனத்தை ஒரு தலைமையகமாகவும், ஐந்து உணர்வுகளை அங்கு அமர்ந்து அவளை இயக்கும் ஐவராகவும் உருவகித்தது அப்படம். அதன் தொடர்ச்சியாக, கெல்சி மான் இயக்கத்தில் 2024ஆம் ஆண்டு சூன் திங்கள் வெளிவந்தது இரண்டாம் படம். உலகெங்கும் ஏறத்தாழ 170 கோடி டாலர் ஈட்டிய இப்படம், அந்நாள்வரை வெளிவந்த இயங்குபடங்களுள் மிகுதியாகப் பொருளீட்டியது எனும் பெயர் பெற்றது. பால் எக்மன், டாகர் கெல்ட்னர் என்னும் உளவியலார் முதற்படத்திற்கு அறிவுரை நல்கினர். இரண்டாம் படத்திற்குக் கெல்ட்னரோடு, வளரிளம் பெண்களின் உளநிலை குறித்து நூல்கள் எழுதிய லிசா டமூரும் துணைநின்றார்.

கதை சிறிது. ரைலிக்கு அகவை 13 நிரம்புகிறது. ஓரிரவில் தலைமையகத்தில் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிகின்றது; வேலையாட்கள் புகுந்து சுவரை இடிக்கின்றனர்; இயக்குபலகை மாற்றப்படுகின்றது; அதன்பின் சிறிது தொட்டாலும் உணர்வு பெரிதாகப் பொங்குகின்றது. அந்நிலையில் பனித்தள ஹாக்கிப் பயிற்சி முகாமொன்றிற்கு ரைலி தன் இரு தோழியரோடு புறப்படுகின்றாள். அவ்விருவரும் வேறொரு பள்ளிக்குச் செல்ல இருக்கின்றனர் என்பதை வழியில் அறிகின்றாள். முகாமில் வால் என்னும் மூத்த ஆட்டக்காரியைத் தன் வழிகாட்டியாகக் கொள்கின்றாள். அதேபொழுதில் தலைமையகத்திற்குப் புதியோர் நால்வர் வருகின்றனர்: பதற்றம், பொறாமை, நாணம், சலிப்பு. பதற்றம் பழைய ஐவரையும் குப்பியில் அடைத்து வெளியேற்றிவிட்டு ஆட்சியைக் கைக்கொள்கின்றது. இறுதியில் ரைலி ஆட்டத்தின் நடுவே தோழி ஒருத்தியை மோதி, தண்டனைக் கூண்டில் அமர்த்தப்பட்டு, மூச்சுத் திணறி நடுங்குகின்றாள். திரும்பிவந்த உவகை, பதற்றத்தைப் பிடி விடச் செய்கின்றது. ரைலி தோழியரிடம் பிழை உணர்ந்து பேசி மீண்டும் ஆடுகின்றாள்.

3. உணர்வுக்கு உருக்கொடுத்தல்

உணர்வுகளை ஆட்களாக நடமாடவிடும் இம்முறையைச் சிலர் சிறுவர்க்குரிய எளிய உத்தி எனக் கருதக்கூடும். நம் இலக்கணம் அவ்வாறு கருதவில்லை. தொல்காப்பியப் பொருளியல், துன்பமும் இன்பமும் கூறுமிடத்து நெஞ்சிற்கு உடல் இருப்பதாகவும், அறிவு இருப்பதாகவும், அது தன் உடையானை எதிர்த்துப் பேசுவதாகவும் படைத்துக்கொள்ள இடந்தருகின்றது. அவ்விடத்து எண்வகை மெய்ப்பாடும் விளங்கவேண்டும் என்பதும் அந்நூற்பாவினாற் பெறப்படும். மெய்ப்பாடும் நெஞ்சின் உருவகமும் ஒரே நூற்பாவில் இணைத்துக் கூறப்பட்டமை கருதத்தக்கது. உணர்வு தெளிவுறப் புலப்படவேண்டுமாயின் உள்ளத்தை ஓர் ஆளாக நிறுத்துதல் வேண்டும் என்னும் கொள்கை ஆங்குப் பொதிந்துள்ளது.

இவ்விதியின் வழியிலேயே அகப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சோடு வழக்காடுகின்றான். திருக்குறளின் காமத்துப்பால் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என இரண்டு அதிகாரங்களை உடையது. பிற்காலத்தில் உமாபதி சிவம் நெஞ்சையே தூதாக விடுத்து ஒரு நூல் செய்தார். கிருட்டிணமிசிரர் வடமொழியில் இயற்றிய பிரபோத சந்திரோதயம் விவேகம், மோகம் முதலியவற்றை நாடக மாந்தராக்கியது. அதனை மாதைத் திருவேங்கடநாதர் தமிழ்ச் செய்யுளாக்கினார். ஆதலின் படத்தின் உத்தி தமிழ் கற்றார்க்குப் புதிதன்று.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பிரபோத சந்திரோதயத்தில் மனப்பண்புகள் இரு படைகளாகப் பிரிந்து பொருகின்றன; ஒன்று வெல்ல மற்றொன்று அழியவேண்டும். அந்நூலின் அறம் அதனை வேண்டுகின்றது. இப்படத்திலோ எவ்வுணர்வும் அழிக்கப்படுவதில்லை. பதற்றமும் இறுதியில் கொல்லப்படாமல், ஒரு சாய்விருக்கையில் அமர்த்தி அமைதிப்படுத்தப்படுகின்றது. மெய்ப்பாட்டியலின் நிலையும் இதுவே. அதன்கண் எட்டு மெய்ப்பாடுகளுள் நல்லது தீயது என்னும் பகுப்பு இல்லை. அழுகையும் வெகுளியும் உவகையைப் போன்றே தத்தம் நிலைக்களன்களோடு எண்ணப்படுகின்றன. அறநூல் உணர்வை ஆராயும் முறை வேறு; செய்யுளியலார் ஆராயும் முறை வேறு. இப்படம் பின்னதன் பக்கம் நிற்கின்றது.

4. ஐந்தும் எட்டும்

முதற்படத்திலிருந்து தொடரும் ஐந்து உணர்வுகளுள் உவகை, அழுகை, வெகுளி, அச்சம் என்னும் நான்கும் தொல்காப்பியர் எண்ணிய எட்டனுள் நேரே அமைந்துள்ளன. ஐந்தாவதாகிய அருவருப்பை இளிவரலோடு பொருத்துவோர் உளர். அப்பொருத்தம் முழுமையுடையதன்று. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன இளிவரலின் களன்கள். இவை ஒருவன் தாழ்வுறும் நிலைகள். படத்தின் அருவருப்போ உணவையும் உடையையும் பிறர் நடையையும் கண்டு முகஞ்சுளிக்கும் இயல்புடையது. பரதர் கூறும் பீபற்சம் அதற்கு அண்மையது.

எட்டனுள் எஞ்சி நிற்பன நகை, மருட்கை, பெருமிதம் என்னும் மூன்று. எக்மன் வகுத்த அடிப்படை உணர்வுகளுள் வியப்பு இருந்தும், அச்சத்தோடு அது ஒத்துத் தோன்றும் எனக் கருதிப் படைப்பாளர் அதனை விடுத்தனர். ஆதலின் மருட்கை விடப்பட்டமைக்குக் காரணம் உண்டு. ஏனைய இரண்டும் இல்லாமைதான் இரண்டாம் படத்தை விளக்கும் திறவுகோல் என்பது எம் கருத்து.

முதலில் நகை. தொல்காப்பியர் நகையையும் உவகையையும் வேறு வேறாக வைத்தார். எள்ளலை நகையின் களனாக்கினார். உவகைக்கு அதனைக் களனாக்கவில்லை. படத்தில் ரைலி வாலும் பிறரும் மதிக்கவேண்டும் என்பதற்காகத் தானும் தோழியரும் விரும்பும் இசைக்குழுவை விரும்பாதாள் போல எள்ளிப் பேசுகின்றாள். அவள் எள்ளிய அக்கணத்தில் மனவுலகின் நிலம் பிளந்து பெரும் பள்ளம் உண்டாகின்றது. உவகையும் அதன் கூட்டத்தாரும் அப்பிளவால் வழிமறிக்கப்படுகின்றனர். வெளியே நகை, உள்ளே உவகைக்கு வழியடைப்பு. நகை உவகையன்று என்னும் நம் இலக்கணப் பாகுபாட்டிற்கு இதனினும் தெளிவான காட்சி காட்டல் அரிது. படத்தில் நகை தனியாளாக இல்லாதிருந்தும் அதன் செயல் இக்காட்சியில் நிகழ்ந்துவிடுகின்றது.

அடுத்து பெருமிதம். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கும் அதன் களன்கள். உவகையின் களன்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. இவ்விரு பட்டியலையும் அருகருகே வைத்துப் படத்தை நோக்குக. ரைலிக்கு ஹாக்கி என்பது முதலில் விளையாட்டு; ஆதலின் உவகைக்குக் களன். முகாமிற்குச் சென்றபின் அதே ஆட்டம் புகழீட்டும் வழியாகின்றது. பயிற்சியாளரின் குறிப்பேட்டில் நற்பெயர் பெறுதலும், வாலின் அணியில் இடம்பெறுதலும் அதன் பயனாகின்றன. அஃதாவது, விளையாட்டு உவகையின் களத்திலிருந்து பெயர்க்கப்பட்டு இசைமையின் களத்தில் நடப்படுகின்றது. ஆனால் பெருமிதத்தைத் தாங்கும் உணர்வு தலைமையகத்தில் இல்லை. வெற்றிடமாகிய அவ்விருக்கையிற் பதற்றம் ஏறி அமர்கின்றது. 'நான் நல்லவள்' என்னும் பழைய தன்னம்பிக்கையைப் பிடுங்கியெறிந்து அதனிடத்துப் பதற்றம் வளர்த்தெடுத்த நம்பிக்கை, தான் போதிய தகுதியுடையாள் அல்லள் என்று ஓயாது ஒலிப்பது இதனாலேயே. பெருமிதத்தை அச்சத்தின் பொருள்களைக் கொண்டு கட்டமுயன்றால் விளைவது அதுவே.

படத்தின் முடிவும் இவ்வாறே விளங்கும். தண்டனைக் கூண்டிலிருந்து எழுந்த ரைலி, புகழை மறந்து ஆட்டத்தை ஆட்டமாகவே ஆடப் புகும்போது இயக்குபலகை தானே ஒளிர்ந்து உவகையை அழைக்கின்றது. விளையாட்டு தன் பழைய களத்திற்கு மீண்டது. உவகை வெற்றிபெற்றது என்று இதனைக் கூறுவதினும், ஒரு பொருள் தன் நிலைக்களனை மீளப் பெற்றது என்று கூறுதலே பொருந்தும்.

5. புதியோரும் முப்பத்திரண்டும்

எட்டு மெய்ப்பாடுகளைக் கூறியபின் தொல்காப்பியர் வேறு முப்பத்திரண்டை எண்ணுகின்றார். அவை அகத்திற்கும் புறத்திற்கும் பொதுவாவன என உரையாசிரியர் கொள்வர். இரண்டாம் படத்திற் புதியனவாக வரும் உணர்வுகள் எட்டனுள் இடம்பெறாதிருந்தும் இம்முப்பத்திரண்டனுட் காணப்படுகின்றன. பொறாமை அப்பெயராலேயே உள்ளது. நாணம் நாணுதலாக உள்ளது. நீளிருக்கையிற் சாய்ந்தவாறே கைப்பேசியைக் கொண்டு இயக்குபலகையை இயக்கும் சலிப்பு, மடிமையோடு ஒப்பது. இடையிடையே எட்டிப்பார்த்து, உன் காலம் இன்னும் வரவில்லை எனத் திருப்பியனுப்பப்படும் முதியவளாகிய பழநினைவை நினைதல் என்பதனோடு சார்த்தலாம். முதற்படம் எட்டனுட் பெரும்பான்மையை எடுத்துக்கொள்ள, இரண்டாம் படம் முப்பத்திரண்டனுட் புகுந்தது போலும். அகவை ஏற ஏற உணர்வு நுண்ணிதாகும் என்னும் ஒழுங்கை இரண்டும் காட்டுகின்றன. இவ்வொப்புமை தற்செயலானது, மனித இயல்பு ஒன்றாதலால் விளைந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யப்பட்டது என எவரும் மயங்கற்க.

ஒப்புமையினும் வேற்றுமை பயனுடையது. வள்ளுவர் பொறாமையை அழுக்காறாமையிலும் மடியை மடியின்மையிலும் கடிந்தார். நாணத்தையோ நாணுடைமையிற் போற்றினார். மூன்றும் மெய்ப்பாட்டியலில் ஒரே வரிசையில் நிற்பன. அறநூலில் ஒன்று பிரிந்து பண்பாகின்றது. படைப்பாளர்க்கு நம் அறநூல் அறிமுகமன்று. ஆயினும் படத்திலும் நாணமே புதியோருள் நல்லோனாக நிற்கின்றது. பேருருவும் குனிந்த தலையும் முகமறைக்கும் சட்டைத் தொப்பியும் உடைய அவன், தலைமையகத்தில் மறைந்து நுழைந்த அழுகையைக் கண்டும் காட்டிக்கொடாமல் காக்கின்றான். நாணமுடையார்க்கே பிறர் துயர் புரியும் என்னும் கருத்து, ஒரு சொல்லும் இன்றி இக்காட்சியிற் பெறப்படுகின்றது. படத்தில் எம்மை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே.

6. பதற்றம் எங்கே?

இனி மாணவியாரின் வினாவிற்கு வருவோம். முப்பத்திரண்டனுட் பதற்றம் என்னும் பெயர் இல்லை. இதனை ஒளிக்க வேண்டுவதில்லை. பரதர் கூறிய 33 வழிநிலை உணர்வுகளுட் சங்கையும் சிந்தையும் உள்ளன. நமக்கு அவ்வாறு ஒருபெயர் இல்லை. இன்றும் இதற்கு ஒரு சொல் நிலைபெறவில்லை. தமிழகத்தார் பதற்றம் என்றும் மனக்கலக்கம் என்றும் வழங்க, ஈழத்தார் பதகளிப்பு என்பர்.

பெயர் இல்லாமை பொருள் இல்லாமையாகாது. படத்தின் இறுதிக்காட்சியை நினைக்க. ரைலியின் மூச்சு விரைகின்றது, உடல் வியர்க்கின்றது, கைகள் நடுங்குகின்றன, செய்வதறியாது இருக்கின்றாள். உள்ளேயோ பதற்றம் இயக்குபலகையைச் சுற்றிச் சுற்றிச் சூறைக்காற்றாகின்றது. அதன் நடுவே அசைவற்று, கண் கலங்கி நிற்கின்றது. இப்பொழுது முப்பத்திரண்டை எண்ணுக. விரைவு உண்டு, உயிர்ப்பு உண்டு, வியர்த்தல் உண்டு, நடுக்கு உண்டு, ஐயம் உண்டு, கையாறு உண்டு. இவற்றோடு சூழ்ச்சி என்றொன்றும் உண்டு. இக்காலத்தார் சூழ்ச்சி என்பதனை வஞ்சனை என்னும் பொருளிலேயே அறிவர். பேராசிரியரோ ஈண்டு அதற்குச் சுழற்சி எனப் பொருள்கண்டு, மனத்தடுமாற்றம் என விளக்குவர். உள்ளம் ஒரிடத்து நில்லாது சுழலுதலே சூழ்ச்சி. படைப்பாளர் பதற்றத்தைச் சுழற்காற்றாக வரைந்ததும், உரையாசிரியர் மனத்தடுமாற்றத்தைச் சுழற்சியெனக் கண்டதும் ஒரே காட்சியின் இரு தோற்றங்கள்.

ஆகவே தொல்காப்பியர் பதற்றத்தை ஒரு பொருளாகக் கொள்ளாமல் அதன் வெளிப்பாடுகளாகப் பகுத்துக் கூறினார் என்பது எம் துணிபு. இதற்குக் காரணமும் உண்டு. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வது பிறர்க்குப் புலனாகுமாறு உடல்வழி வெளிப்படுதல். புலவன் எதிரே இருப்பவள் பதற்றமுடையாள் என்பதனைக் கண்டிலன். அவள் வியர்த்தலையும் நடுங்குதலையும் கண்டான். கண்டதனைக் கண்டவாறு எண்ணினான். உள்ளிருந்து நோக்கும் உளவியலார்க்கு ஒரு பெயர் வேண்டும். புறத்திருந்து நோக்கும் புலவனுக்கு அறிகுறிகள் போதும். நோக்குமிடம் வேறாதலின் பட்டியலும் வேறாயிற்று.

அச்சத்தையும் இவ்விடத்து ஒருங்கு ஆராய்தல் வேண்டும். அச்சத்தின் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. படத்தில் பதற்றம் தனக்கும் அச்சத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தானே கூறுகின்றது: கண்ணுக்குத் தெரியும் தீங்கிலிருந்து காப்பது அச்சத்தின் தொழில், தெரியாத வருங்காலத் தீங்கிலிருந்து காப்பது தன் தொழில் என்பது அதன் கருத்து. சிறுபருவத்து அச்சம் பேயும் விலங்கும் பற்றியது. வளரிளம் பருவத்தில் அவை நீங்குகின்றன; நான்காவதாகிய இறை மட்டும் எஞ்சுகின்றது. இறை என்பது அரசனாக இருத்தல் வேண்டுவதில்லை. யாருடைய மதிப்பீட்டிற்கு நாம் காத்திருக்கின்றோமோ அவரெல்லாம் நமக்கு இறையே. ரைலிக்குப் பயிற்சியாளரும் வாலும் இறை. போளூர் மாணவியார்க்கு விடுதிக் காப்பாளரும் வகுப்பாசிரியரும் இறை. இறைபற்றிய அச்சம் வருங்காலத்தை நோக்கித் திரும்பும்போது பதற்றமாகின்றது எனக் கொள்ளலாம். எனவே அதன் வேர் எட்டனுள் ஒன்றாகிய அச்சத்திலும், அதன் கிளைகள் முப்பத்திரண்டனுள்ளும் உள்ளன. இதுவே அவ்வினாவிற்கு யாம் அன்று கூறியிருக்க வேண்டிய விடை.

7. பெதும்பையும் மங்கையும்

நம் மரபு எங்கே குறைவுடையது என்பதனையும் மறையாது கூறுதல் வேண்டும். பாட்டியல் நூல்கள் தம்முட் சிறிது வேறுபடினும், பெண்ணின் பருவம் ஏழெனக் கொண்டு, 8 முதல் 11 அகவை பெதும்பை, 12, 13 அகவை மங்கை என வகுத்தல் பெருவழக்கு. முதற்படத்து ரைலி 11 அகவையினள். இரண்டாம் படத்து ரைலி 13 அகவையினள். பெதும்பை மங்கையாகும் எல்லையை இவ்விரு படங்களும் தமக்குரிய பொருளாகக் கொண்டன.

ஆனால் இப்பருவப் பகுப்பை உலா நூல்கள் எதற்குப் பயன்படுத்தின? தெருவில் வரும் தலைவனைக் கண்டு ஒவ்வொரு பருவத்தாளும் காதல் கொள்ளும் அளவைக் காட்டுதற்கே பயன்படுத்தின. பேதை காதலறியாள், பெதும்பை சிறிதறிவாள், மங்கை மேலும் அறிவாள். காதலை நீக்கிவிட்டால் அப்பெண்ணுக்கு உள்ளம் இல்லை என்றே அந்நூல்களைக் கற்பார் எண்ணுவர். அகப்பாடல்களில் தலைவியின் உள்ளம் ஆழ்ந்து காட்டப்படுவது உண்மை. ஆயினும் அங்கும் பொருள் காதலே. 13 அகவையுடைய ஒருத்தி, தோழியரைப் பிரிதற்கு அஞ்சுவதும், தான் தகுதியுடையாளோ என ஐயுறுவதும், பந்தாட்டத்தில் மகிழ்வதும் தம்மளவிற் பாடற்குரியன என நம் மரபு கருதவில்லை. இப்படத்திற் காதல் கதைப்பொருளாக இல்லை. அவளுடைய நட்பும் ஆட்டமும் தன்மதிப்புமே பொருள். இவ்வகையில் இப்படம் நம் உலாக்கள் காட்டாத ஒன்றைக் காட்டுகின்றது. எம் மாணவியார் தம்மை அதிற் கண்டமைக்கு இதுவே காரணம். அவர் உலா நூல்களையும் கற்றவரே. அவற்றில் தம்மைக் கண்டதாகக் கூறவில்லை.

8. படத்தின் குறைகள்

படத்தின் குறைகள் இரண்டை ஈண்டுச் சுட்டுவோம். ஒன்று, கதையமைப்புப் பற்றியது. முதற்படத்தில் உவகையும் அழுகையும் தலைமையகத்தினின்று அகற்றப்பட்டு, மனவுலகில் அலைந்து, மீண்டுவந்து தீர்வு காண்கின்றன. இரண்டாம் படத்திலும் ஐவர் அகற்றப்பட்டு, அலைந்து, மீள்கின்றனர். அழுகையும் வேண்டுவதே என முன்னர் உணர்ந்த உவகை, தீய நினைவுகளைப் பின்னே தள்ளும் பழைய பிழையை வேறு வடிவில் மீளச் செய்கின்றது. உணர்வுகள் வளர்ந்தன; கதையின் எலும்புக்கூடு வளரவில்லை. நற்பண்பு தீப்பண்பு இரண்டும் சேர்ந்ததே தான் என ரைலியின் தன்னுணர்வு பலவாறாக மாறி ஒளிரும் இறுதிப்பகுதி இக்குறையை ஒருவாறு ஈடுசெய்கின்றது.

மற்றொன்று, மெய்ப்பாட்டின் தன்மை பற்றியது. கண்ணாலும் செவியாலும் நுண்ணிதின் உணரவல்லார்க்கு அல்லது மெய்ப்பாட்டை அறிதல் அரிது என்று கூறி மெய்ப்பாட்டியல் முடிகின்றது. உணர்வை அறிதற்குக் காண்பானும் உழைத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. இப்படம் அவ்வுழைப்பைப் பெரிதும் குறைத்துவிடுகின்றது. ரைலி முகம் வாடுமுன் எவ்வுணர்வு எவ்விசையை அழுத்தியது என்பது நமக்குக் காட்டப்பட்டுவிடுகின்றது. முகத்தைப் படிக்கும் தேவை நீங்குகின்றது. விதிவிலக்காக, காரில் தோழியின் முகத்தில் ஒரு சிறு மாற்றத்தைக் கண்டு, அவர்கள் எதனையோ ஒளிக்கின்றனர் என உணர்வுகள் ஆராயும் காட்சி உண்டு. ஆங்குத் தோழியின் தலைக்குள் நம்மைக் கொண்டுசெல்லாமல் அவள் முகத்தை மட்டும் காட்டினர். அச்சிறு காட்சி மெய்ப்பாட்டின் நெறியைச் சார்ந்தது. ஆதலின் ஆற்றல் மிக்கது. இத்தகைய காட்சிகள் இன்னும் பல இருந்திருப்பின் படம் உயர்ந்திருக்கும்.

எனினும் இக்குறை சிறுவர்க்கு நன்மையாதலும் கூடும். தன் உணர்வுக்குப் பெயரிட அறியாத 13 அகவைச் சிறுமிக்குப் பெயரும் உருவும் கொடுத்தல் உதவியே. பெயரற்ற துன்பம் பெயருடைய துன்பத்தினும் பெரிது. இலக்கியம் கற்ற நாம் குறிப்பாற் பெறப்படுவதனைப் போற்றுகின்றோம். விடுதியில் உறங்காதிருக்கும் சிறுமிக்கு முதலில் வேண்டுவது வெளிப்படையே.

9. முடிவுரை

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவன: உணர்வை ஆளாக உருவகித்தல் பொருளியலார்க்கு உடன்பாடு. நகையையும் உவகையையும் பிரித்தமையும், ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் களன் கூறியமையும் தொல்காப்பியத்தின் ஆற்றல். அவற்றைக் கொண்டு இக்காலப் படமொன்றின் உட்கருவை, அதன் படைப்பாளர் கூறாதவாறும், நாம் விளக்கக்கூடும். பதற்றம் என்னும் பெயர் மெய்ப்பாட்டியலில் இல்லை. அதன் களனும் அறிகுறிகளும் உள. காதல் நீங்கிய இளமையுள்ளத்தைத் தனிப்பொருளாகக் கொள்ளாமை நம் மரபின் குறை. அதனை உணர்த்தியது இப்படத்தின் நன்மை.

பழனி மலைப் பளியர் தம் அகவையைக் குறிஞ்சி பூத்த முறை எண்ணிக் கணக்கிட்டு வந்தனர். அக்கணக்கின்படி ஒரு பூப்பிற்கும் மறு பூப்பிற்கும் இடையில் ஒரு குழவி மங்கையாகிவிடும். குறிஞ்சியைப் புணர்ச்சிக்கு நிலமாக வகுத்த இலக்கணம், அம்மலையில் வளரும் பெண் குழந்தையின் அப்பன்னீராண்டை எண்ணவில்லை. எம் மாணவியார் இப்பொழுது முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளுள் அச்சத்தைச் சார்ந்தனவற்றைச் சங்கப் பாடல்களிலிருந்து தொகுத்து, ஆய்வேடாக எழுதும் முயற்சியில் இருக்கின்றார். வினாவை எழுப்பியவரே விடையையும் தேடப் புகுந்தமை எமக்கு உவகை தருகின்றது. நீலக்குறிஞ்சி மீண்டும் பூக்கவேண்டிய ஆண்டு 2030. அவ்வாண்டு ஊருக்குச் சென்று பூவைக் காண்பதாக அவர் கூறியுள்ளார்.